கண்ணுசாமி பார்க்காத ஆட்டம்

1823இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கூடத்தில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற பையன், காலால் உதைக்க வேண்டிய பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். ரகர் என்று நாம் சொல்கிற ரக்பி இப்படித்தான் பிறந்ததாம். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. எல்லிஸ் 1872இல் கண்ணை மூடி, நாலு வருஷம் போன பிறகு, அதே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் ஒருவர் கேள்விப்பட்டதாக எழுதிவைத்தார். அதை நம்பி உலகக் கிண்ணத்துக்கே அந்தப் பையனின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆக, இந்த விளையாட்டின் ஆதிமூலமே ஒரு பழைய மாணவர் விட்ட கதைதான். பழைய மாணவர்கள் நிறைந்த கண்டிக்கு இந்த விளையாட்டு இவ்வளவு ஒத்துப்போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த 1823இல் கண்டியின் கடைசி ராஜா கண்ணுசாமி, அதாவது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வெள்ளைக்காரனின் கைதியாக வேலூர்க் கோட்டையில் இருந்தார். கண்டிக் குளத்தை வெட்டியவர் அவர். ஊரைப் பிடித்த வெள்ளைக்காரன் அந்தக் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போகம்பரையில் ஒரு சிறையைக் கட்டினான். சிறைக்குப் பக்கத்து மைதானத்தில்தான் பிற்பாடு நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அமுக்கிப் பிடித்துப் புரண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தண்டனை, வெளியே இருந்தவர்களுக்குப் பயிற்சி. சத்தத்தை மட்டும் கேட்டால் எது எது என்று தெரிந்திருக்காது.

கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு ரகரைக் கொண்டுவந்தவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர். கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். 1891இல் பெவிலியன் தெருவில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அதுதான் இன்றைய கிங்ஸ்வூட் கல்லூரி. தொடங்கும்போது பிள்ளைகள் 11 பேர். ரகருக்கோ ஒரு பக்கத்துக்கே 15 பேர் வேண்டும். மனுஷன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அதே வருஷம் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். கணக்குப் பார்க்கிற ஆளாக இருந்தால் அவர் கிரிக்கெட்டோடு நின்றிருப்பார்.

எதிர்த்து ஆட இன்னொரு பள்ளிக்கூடம் கிடைக்க 15 வருஷம் பிடித்தது. 1906இல், போகம்பரையில், கிங்ஸ்வூடும் டிரினிட்டியும் மோதின. இலங்கையில் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் நடந்த முதல் ரகர் ஆட்டம் அது. படிக்க வைத்த பள்ளிக்கூடம் ஒரு பக்கம், தான் கட்டிய பள்ளிக்கூடம் மறு பக்கம். 6க்கு 6, சமநிலை. பிளேஸ் மாஸ்டருக்கு இதைவிட வசதியான முடிவு கிடைத்திருக்காது.

அதன் பிறகு கிங்ஸ்வூட் பல காலம் ரகரை மூட்டை கட்டி வைத்தது. பிந்தி எடுத்தாலும் பாசில் மரிஜா மாதிரி ஒருவரைத் தந்தது; அவர் இலங்கை அணிக்கே தலைவரானார். டிரினிட்டி மட்டும் பந்தைக் கீழே வைக்கவே இல்லை.

பிறகு வந்தது பிராட்பி. கொழும்பு றோயல் கல்லூரி அதிபராக இருந்த பிராட்பி என்ற வெள்ளைக்காரர் கொடுத்த கேடயத்துக்காக, 1945 முதல் றோயலும் டிரினிட்டியும் ஆடுகின்றன. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, இரண்டு ஆட்டப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்துத்தான் கேடயம். இந்தக் கூட்டல் கணக்கைக் கண்டுபிடித்தவர் பழைய மாணவர்களின் மனசை நன்றாகப் படித்தவர். கேடயம் போனவனும் "ரெண்டாவது மேட்ச் நாங்கதானே அடிச்சோம்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பிராட்பிக்குக் கூடுகிற பழைய மாணவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தலையில் மயிர் இல்லை, கழுத்தில் கல்லூரி டை மட்டும் இருக்கிறது. பாப்பரே பேண்ட் தொடங்கினால் முட்டி வலி பறந்துவிடும். நிறுத்தினால் சித்தாலேப தைலம் தேடுவார். கையில் இருக்கிற கிளாசில் சோடா என்று மனைவி நம்புகிறாள். பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் போதும், "எங்க காலத்துல இப்படியா?" என்று எழும்பி நிற்பார். பக்கத்தில் இருக்கிற வகுப்புத் தோழன் சும்மா விடமாட்டான்: "மச்சான், எங்க காலத்துல நீ பெஞ்சுலதானேடா இருந்த!" சண்டை வரும் என்று நினைப்பீர்கள். வராது. இரண்டு பேரும் சேர்ந்து ரெபரியைத் திட்டத் தொடங்குவார்கள். ரெபரிக்குக் கண் தெரியாது என்பதில் இந்த நாட்டில் கட்சி பேதமே கிடையாது.

சிலர் வருஷத்துக்கு ஒரு முறை தாங்களே காற்சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவதும் உண்டு. வயதை உத்தேசித்து அமுக்கிப் பிடிப்பதில்லை. தொட்டாலே பிடித்த கணக்கு. அதிலும் "நீ தொடவே இல்லடா" என்று அரை மணித்தியாலம் வழக்கு நடக்கும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் மூச்சு திரும்பிவிடும் என்பதால் வழக்கை யாரும் அவசரப்பட்டு முடிப்பதில்லை. அன்று போட்ட ஒரு ட்ரை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மூன்றாகிவிடும். அடுத்த வருஷம் அந்த மூன்றுக்கும் நேரில் பார்த்த சாட்சி இருக்கும்.

போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்குப் போனார்கள். டிரினிட்டியின் ரகர் மைதானமும் இப்போது பல்லேகலையில்தான்.

பிராட்பி பார்க்க முதல் தடவையாகக் கண்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் டை கட்டிய பெரியவர் இருந்தால், "அங்கிள், நீங்க எந்த வருஷம் விளையாடினீங்க?" என்று வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். கொழும்புக்குப் போகிற கடைசி ரயில் போய்விடும்.