வீட்டுக்கே 18 கோல்!

உலகின் தலைசிறந்த அணி சென்னை சூப்பர் கிங்ஸ்தானே? மறுத்துப் பேசத் தைரியம் உண்டா?
(வாசகர், பொம்மையார்பாளையம்)

பக்கத்திலேயே மரக்காணம் உப்பளம் இருந்தும் வாதத்தில் உப்பு குறைகிறதே! சென்னை ஐந்தாவது கோப்பையைத் தூக்கியது 2023-ல். மும்பை அந்த ஐந்தை 2020-லேயே முடித்துவிட்டதே, அவர்களை எங்கே உட்கார வைப்பது?

ஓட்டு, 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் தொடர்ந்து ஆறு தங்கம் வென்ற இந்திய அணிக்கே. ஆம்ஸ்டர்டாமில் போட்டது 29 கோல், வாங்கியது பூஜ்யம். 1932 லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்காவை 24-1 என்று துவைத்தது. தம்பி ரூப் சிங் 10, அண்ணன் தியான்சந்த் 8.

இவ்வளவு அடி வாங்கிய அமெரிக்காவுக்கு வெண்கலம்! வந்ததே மூன்று அணிதான். (மஞ்சள் சட்டைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.) ஆனால் 1948-ல் லண்டனுக்கே போய் பிரிட்டனை 4-0 என்று வீழ்த்தியதற்கு அந்தச் சாக்கு செல்லாது.

அதில் நம்ம ஆள் யாராவது?

1980 மாஸ்கோவுக்கு வாருங்கள். கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். இந்திய ஹாக்கி கடைசியாக ஒலிம்பிக் தங்கத்தைப் பார்த்ததும் அப்போதுதான்.