கம்பம் பள்ளத்தாக்கில் லிங்க் பகிர்வு: பாயிரவியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

முன்னுரை. இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. நான் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் ஆய்வேடுகள் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. ஆய்வெல்லை: கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய், மேற்கே போடிமெட்டு, வடக்கே வைகை அணை, தெற்கே லோயர் கேம்ப். ஆய்வுப்பொருள்: பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், மென்பொருள் உலகத்துச் சங்கதி எதையாவது கண்டால் அதன் லிங்க்கை ஊர் வாட்ஸப் குழுவில் கொண்டுவந்து போடுவது. ஏன் போடுகிறார்கள் என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

முதல் இயல்: வரலாறு. 1945-இல் வன்னெவர் புஷ் என்ற அமெரிக்கர் 'மெமெக்ஸ்' என்றொரு மேசையைக் கற்பனை செய்தார். படித்ததையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து வைக்கலாம், கோத்ததை நண்பருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம் என்றார். மேசை செய்யப்படவே இல்லை. 1997-இல் ஜோர்ன் பார்கர் வலையில் அன்றன்று கண்டதைத் தன் பக்கத்தில் வரிசையாகப் போட்டு, அதை 'வெப்லாக்' என்றார். 2003-இல் வந்த டெலீஷியஸ் தளத்தில் ஆளாளுக்கு லிங்க் சேர்த்துக் குறிச்சொல் ஒட்டினார்கள். 2004-இல் தமிழ்மணம் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டி ஒரே இடத்தில் காட்டியது. கொஞ்சகாலம் அங்கே நடந்த சண்டைகளின் தரம் இன்று எங்கும் கிடைப்பதில்லை. இத்தனை பேர் பட்ட பாடும் 'அண்ணே இதப் பாருங்க' என்ற வரியில் வந்து முடிந்தது (காண்க: டீக்கடைப் பெஞ்சு, உத்தமபாளையம், இடது ஓரம்).

மூன்றாம் இயல்: வகைமை. நூல் மூவகை என்றனர் நம் முன்னோர், லிங்க்கும் மூவகையே. தானே தேடிக் கண்டெடுத்தது முதல்நூல். இது அரிது. வந்ததை வந்தபடி தள்ளிவிடுவது வழிநூல். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்பதை வெட்டிவிட்டுத் தன் சொந்தச் சிந்தனைபோல் போடுவது சார்புநூல். இதற்குக் கல்லூரிகளில் பதவி உயர்வு உண்டு.

வழிநூலாசிரியர்களை வாட்ஸப் நிறுவனம் படாதபாடு படுத்தியது. 2018-இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து அரட்டைகளுக்கு மேல் தள்ளக் கூடாது என்றது. 2020-இல், பலர் கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வருவதை ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. இரட்டை அம்பு கொண்டவை காலத்தால் முந்தியவை என்பது என் துணிபு. எவ்வளவு முந்தியவை என்பதில் எனக்கும் சக ஆய்வாளர் ஒருவருக்கும் ஐந்நூறு ஆண்டு வேறுபாடு இருக்கிறது, நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மூவகையிலும் செத்த லிங்க்குகளை, பழைய வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் 2001 முதல் பார்த்துக்கொள்கிறது.

நான்காம் இயல்: பாயிரம். பாயிரம் இல்லாமல் நூல் இல்லை என்பது இலக்கணிகள் கொள்கை. லிங்க்குக்கு மேல் எழுதப்படும் அந்த ஒற்றை வரியே பாயிரம். எதுவும் எழுதாமல் லிங்க்கை மட்டும் போடுவது மொட்டைப் பாயிரம். 'கண்டிப்பா படிங்க' என்பது ஆணைப் பாயிரம். 'தூக்குறதுக்குள்ள பாத்துருங்க' என்பது அச்சப் பாயிரம். 'எனக்கு ஒண்ணும் புரியல, யாராச்சும் சொல்லுங்கப்பா' என்பது அவையடக்கம்; முழுக்கப் புரிந்தவர்தான் இதைப் போடுவார் (காண்க: சலூன் கண்ணாடியில் ஒட்டிய தாள், சின்னமனூர்; இரண்டாம் பதிப்பில் கண்ணாடி மாற்றப்பட்டுள்ளது).

இனி ஒற்று மிகுதல். 'செம' என்று போட்டவர் கட்டுரையில் பாதியாவது படித்திருப்பார். 'செம்ம' என்றவர் தலைப்பைப் படித்திருப்பார். 'செம்ம்ம்ம்ம' என்றவர் லிங்க்கைத் தொட்டதே இல்லை. மகர ஒற்று எவ்வளவு மிகுமோ அவ்வளவு படிப்புக் குறையும் என்ற இவ்விதியை இலக்கண உலகுக்கு என் கொடையாக வைக்கிறேன். ஈற்றில் தீ எமோஜி வந்தால் விதி மாறுமா என்பது பற்றி மாற்றுக்கருத்து உண்டு (காண்க: போடியிலிருந்து மூணாறு போகும் பேருந்து, சன்னலோர இருக்கை, மலையேறும்போது வாந்தி வருமுன் சொன்னது, வந்தபின் சொன்னது இதனோடு முரண்படும், பாடபேதங்களை அடிக்குறிப்பில் காண்க, அடிக்குறிப்பு அச்சில் உள்ளது, அச்சகம் மூடியிருக்கிறது).

களச்சான்று ஒன்று தருகிறேன். 2016 மார்ச்சில் நிரலாளர் ஒருவர் பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்தில் தான் வைத்திருந்த நிரல்களையெல்லாம் எடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று 'லெஃப்ட் பேட்'. மொத்தம் 11 வரி. எழுத்துச் சரத்தின் இடப்பக்கம் இடம் நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ஆனால் அதை நம்பிய நிரலை இன்னொன்றும், அந்த இன்னொன்றை ஆயிரக்கணக்கானவையும் நம்பியிருந்தன. எல்லாம் நின்றன. சில மணி நேரத்தில் களஞ்சியக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். தேக்கடிப் பக்கம் மதகை இறக்கினால் உத்தமபாளையம் வயலுக்கு என்ன ஆகும் என்று, அணை வந்த 1895-இலிருந்து அறிந்த ஊருக்கு இந்தக் கதை சட்டென்று புரிந்திருக்க வேண்டும். பெங்களூர்ப் பையன் ஒருவன் மொட்டைப் பாயிரத்தோடு இதன் லிங்க்கைக் குழுவில் போட்டான். முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்து அவன் மாமா எழுதினார்: 'போடி ஏலத்துல ஏலக்காய் இன்னைக்கு என்ன போச்சு மாப்ள?' அவன் விசாரித்துச் சொன்னான். அதற்கு ஏழெட்டுக் கட்டைவிரல்.

கட்டைவிரலுக்குப் 'படித்தேன்' என்று பொருள் கொள்வோர் உளர். பக்கம் திறக்கும் முன்பே அது வந்துவிடுவதால் இக்கூற்று நிற்காது. 'போதும், நிறுத்து' என்பதே பொருள் என மறுசாரார் வாதிடுவர். என் முடிபு: அதற்குப் 'படிக்கவில்லை, ஆனால் படித்தவர் பட்டியலில் என்னையும் சேர்' என்று பொருள். இதை இழிவாகக் கருத இடமில்லை. தான் படிக்காததைப் பிறருக்கு எடுத்துக்காட்டுவது டீக்கடையில் ஃபார்வர்டு எனப்படும். ஆய்வேட்டில் துணைநூற்பட்டியல் எனப்படும்.

மேலாய்வுக்குரியன: குரல் பதிவு, அதைக் கேட்காமலே 'ஓகே' என்பது, வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளருக்கு மட்டன் பிரியாணியா, நாட்டுக்கோழியா.

இவ்வாய்வேட்டை பிடிஎஃப்பாக நெறியாளருக்கு அனுப்பியிருந்தேன். கோப்பு இறங்குவதற்குள் கட்டைவிரல் வந்துவிட்டது. இரண்டாம் இயல் மிகச் சிறப்பு, அதை மட்டும் சற்று விரிவாக்கச் சொல்கிறார். இரண்டாம் இயலை நான் எழுதவே இல்லை.