ஊருக்கு ஒரு முல்லர்

ஜெர்மனியில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப் பெயர் முல்லர். ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் என்பது மதிப்பீடு. மாவாலை நடத்துபவர் என்று பொருள். ஆற்றோரத்தில், நீர் தள்ளச் சுழலும் சக்கரத்தால் தானியம் அரைப்பவர். இத்தனை முல்லர்கள் இருப்பதைப் பார்த்து, அந்தக் காலத்து ஜெர்மனியில் மாவு அரைப்பவர்கள்தான் எங்கும் நிறைந்திருந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. மாவாலைக்காரர் ஊருக்கு ஒருவர்தான் இருந்தார். ஒருவராக இருந்ததால்தான் பெயர் பெருகியது.

இதற்கு முதல் சான்று உழவர். இடைக்கால ஜெர்மனியில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். உழவரைக் குறிக்கும் பாவர் என்ற பெயரோ முதல் பத்து இடங்களுக்குள்கூட வராது. காரணம் எளிது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து நகரங்கள் பெருகி, ஓர் ஊரிலேயே நாலைந்து யோஹான்னஸ்கள் சேர்ந்துவிட்டபோது, வரிக்கணக்கு எழுதுபவருக்கு ஆளை அடையாளம் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. எல்லோரும் உழுகிற ஊரில் 'உழவர் யோஹான்னஸ்' என்றால் எந்த யோஹான்னஸ்? 'மாவாலை யோஹான்னஸ்' என்றால் கேள்வியே எழாது. கொல்லரும் அப்படித்தான், ஷ்மிட் என்ற பெயர் இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

மாவாலை ஒன்றாக இருந்தது தற்செயல் அல்ல, சட்டம். ஆற்றுநீரின் உரிமை நிலப்பிரபுவுடையது. அவருடைய ஆலையில்தான் குடிகள் அரைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு ஆலை எழக் கூடாது. பிரஷ்யாவில் இந்தக் கட்டாயம் 1810இல்தான் நீங்கியது. அதுவரை, ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டின் ரொட்டியும் ஒரே மனிதரின் கையைக் கடந்துதான் வந்தது.

அந்தக் கையை யாரும் நம்பவில்லை. கூலி காசாக அல்ல, மாவாகவே எடுக்கப்பட்டது. பல இடங்களில் பதினாறில் ஒரு பங்கு. மூட்டையைக் கொட்டிய உழவர் கண்ணெதிரே மாவு பறக்கிறது, கல்லிடுக்கில் படிகிறது, திரும்பி வரும் மூட்டை இளைத்திருக்கிறது. எவ்வளவு பறந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்று யார் சொல்வது? கல்லுக்கும் அதைச் சுற்றிய மரச்சட்டத்துக்கும் இடையே எவ்வளவு சந்து இருக்கலாம் என்பதற்குக்கூட மாவாலைச் சட்டங்கள் அளவு விதித்தன. முட்டையைத் திருடிவிடுவார் என்று பயந்து நாரை மாவாலைக் கூரையில் கூடு கட்டாது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சில வட்டாரங்களில் தூக்குமேடைக்கு ஏணி கொடுக்கும் கடமையும் அவர் தலையில் விழுந்தது. அவருடைய பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்கள் சேர்க்க மறுத்தன. அப்படி மறுக்கக் கூடாது என்று 1548இல் பேரரசே ஆணையிட வேண்டியிருந்தது. ஒரு நாடு தான் மிகவும் சந்தேகித்த தொழிலின் பெயரையே மிகுதியாகச் சூடிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

மாவாலைக்காரர் எப்போதும் குற்றவாளி அல்லர் என்பதையும் பதிய வேண்டும். பொமர்சிக் என்ற ஊரில் ஆலை நடத்திய கிறிஸ்டியன் ஆர்னோல்டின் வழக்கை ஜெர்மன் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மேல்பக்கத்து நிலவுடைமையாளர் கெண்டை வளர்க்கக் குளம் வெட்டினார்; ஆலைக்கு நீர் போதவில்லை என்று சொல்லி ஆர்னோல்ட் குத்தகை கட்டவில்லை; 1778இல் ஆலை ஏலம் போனது. மறு ஆண்டு இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் தலையிட்டு, ஆர்னோல்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதிகளைச் சிறையில் அடைத்தார். மன்னர் நீதிமன்றத்தை மீறியது சரியா என்ற விவாதம் அன்று ஐரோப்பா முழுவதும் நடந்தது. ஜெர்மன் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற இந்த மாவாலைக்காரருக்குப் பெயர் முல்லர் அல்ல. அதற்குள் குடும்பப் பெயர்கள் உறைந்து, தொழிலை விட்டு விலகிவிட்டிருந்தன.

விலகியதை ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். டெஸ்ஸாவ் நகரில் 1794இல் பிறந்த கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் தந்தை தையற்காரர். அந்தக் கவிஞர் மாவாலைத் தொழிலாளி ஒருவனின் காதலைக் கவிதைத் தொடராக எழுதினார். ஷூபர்ட் அதை 1823இல் இருபது பாடல்களாக இசையமைத்தார். கவிஞருக்கு அதே ஆண்டு பிறந்த மகனின் ஞானத்தந்தை இசைமேதை வேபர். அந்தப் பெயருக்கு நெசவாளர் என்று பொருள். வேபரின் இசைநாடக நாயகன் மாக்ஸின் பெயரே குழந்தைக்கும் வைக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து 1849 முதல் 1874 வரை ரிக்வேதத்தை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் அவர்தான். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. 1896இல் விவேகானந்தர் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். சென்னையிலும் பிற இந்திய நகரங்களிலும் ஜெர்மன் பண்பாட்டு நிலையம் மாக்ஸ் முல்லர் பவன் என்றே வழங்குகிறது.

வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் கரைந்துவிடுவோம் என்று உணர்ந்து, மாக்ஸ் என்பதைத் தம் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டவர் அவர். இந்தச் சிக்கல் அவருக்கு மட்டும் வந்ததல்ல. ஓர் ஊரில் ஒருவரைப் பிரித்துக் காட்டப் பிறந்த பெயர், நாடு முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எவரையும் பிரித்துக் காட்டவில்லை. 15ஆம் நூற்றாண்டு வானியலாளர் யோஹான்னஸ் முல்லரை, அவர் பிறந்த கோனிக்ஸ்பெர்க்கை இலத்தீனாக்கி ரெகியோமொன்டானுஸ் என்றே உலகம் அழைக்கிறது. 1882இல் புதிய திராட்சை வகையை உருவாக்கிய ஹெர்மன் முல்லர், தம் சுவிஸ் மாநிலத்தைச் சேர்த்து முல்லர்-துர்காவ் ஆனார். திராட்சைக்கும் அதுவே பெயர். 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பின்னர் இருமுறை பிரதமரான இன்னொரு ஹெர்மன் முல்லரை, நாடாளுமன்றத்தில் மற்ற முல்லர்களோடு குழம்பாமலிருக்க முல்லர்-ஃபிராங்கன் என்றார்கள்.

நோபல் பட்டியலிலும் முல்லர்கள் உண்டு: டிடிடியின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்ட பால் முல்லர் 1948இல், மீக்கடத்திகளுக்காக அலெக்ஸ் முல்லர் 1987இல், ருமேனியாவின் ஜெர்மன் கிராமம் ஒன்றில் பிறந்த எழுத்தாளர் ஹெர்டா முல்லர் 2009இல்.

கால்பந்து ரசிகர்கள் இந்தக் குழப்பத்தை நன்கு அறிவார்கள். 62 ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்து, 1974 உலகக் கோப்பை இறுதியில் வெற்றிக் கோலையும் அடித்தவர் கெர்ட் முல்லர். 2010 உலகக் கோப்பையில் தங்கக் காலணி பெற்றவர் தோமாஸ் முல்லர். இருவரும் பயர்ன் மியூனிக்குக்காக ஆடியவர்கள், இருவரும் உலகக் கோப்பையில் 13ஆம் எண் சட்டை அணிந்தவர்கள், உறவு எதுவும் இல்லை. போதாதற்கு, 2013 முதல் 2021 வரை வளர்ச்சித்துறை அமைச்சராக இருந்தவரும் ஒரு கெர்ட் முல்லர்தான். அவரும் அந்த ஆட்டக்காரரைப் போலவே பவேரியாவின் ஷ்வாபன் பகுதியில் பிறந்தவர்.

ஆகவே தமிழில் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். 'முல்லர் கூறுகிறார்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். முதற்பெயரையாவது, முடிந்தால் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.