பிரேக்குக்குப் பச்சைப் பட்டு

மதுரைக்குள் கார் ஓட்டுகிறவருடைய வலது கால், ஆக்சிலேட்டரில் இருக்கும் நேரத்தைவிட பிரேக்கில் இருக்கும் நேரம்தான் அதிகம். கோரிப்பாளையத்தில் பஸ் திரும்பும். சிம்மக்கல்லில் மினி லாரி சரக்கு இறக்கும். யானைக்கல்லில் காரணமே இல்லாமல் எல்லாம் நிற்கும். மாசி வீதிக்குள் போய்விட்டால் நடுரோட்டில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஹாரன் அடித்தால் மாடு கோபித்துக்கொள்ளாது, பக்கத்துக் கடைக்காரர்தான் கோபித்துக்கொள்வார்.

இப்படி நாள் முழுக்க உழைப்பது பிரேக். ஆனால் ஆயுத பூஜை வந்தால் சந்தனம் யாருக்கு? ஸ்டியரிங்குக்கு. மாலை யாருக்கு? ஒரு வேலையும் செய்யாத பானெட்டுக்கு. இதில் சமூகநீதி எங்கே என்று எனக்கு ஒரு கோபம். அலாய் வீல் வழியாக எட்டிப் பார்த்தால், பாவம் அந்த பிரேக் காலிப்பர், தூசியும் துருவும் அப்பி நெய்மீன் கருவாடு மாதிரி இருந்தது. இந்த ஆயுத பூஜைக்குள் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, வீட்டு வாசலிலேயே பெயின்ட் அடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காலிப்பர் தெரியாதவர்களுக்கு: சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது, அது டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைதான் காலிப்பர். நாம் பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேடு டிஸ்க்கை இறுக்கும். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்கிற பொறியாளர் 1902லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் போட்ட செம்பு பேடுகள் டிஸ்க்கில் உரசி ஊரையே கூட்டும் சத்தம் போட்டனவாம். நம்மூரில் ஓடுகிற பெரும்பாலான சின்னக் கார்களில் இந்த வைபவமெல்லாம் முன்சக்கரத்தோடு சரி. பின்னால் பழைய டிரம்தான். அதனால் எனக்குப் பெயின்ட் செலவு பாதி.

ஒரு டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், அந்த வேகம் முழுக்கச் சூடாகத்தான் மாற வேண்டும். அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நாலு பேருக்கு டீ. முப்பதில் வந்து நின்றால் கால் பங்குதான், ஒரே ஒரு டீ. கீழவாசலில் இருந்து பெரியார் நிலையம் போய்ச் சேருவதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்கே டீ போட்டுவிடலாம் என்பது என் கணக்கு. அதனால்தான் சாதாரண எனாமல் இதற்கு ஆகாது, வெந்து உரிந்துவிடும். சூடு தாங்கும் பெயின்ட் வேண்டும்.

வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.

“காலிப்பர் மாத்தணுமாண்ணே?”

“இல்லண்ணே, பெயின்ட் அடிக்கணும்.”

“பெயின்ட் அடிச்சா பிரேக்கு நல்லாப் பிடிக்குமா?”

“அதெல்லாம் இல்ல. பார்க்க நல்லா இருக்கும்.”

“சக்கரத்துக்கு உள்ள இருக்கறத எவன்ணே பார்ப்பான்?” என்றவர், புல்லட்டு சைலன்சருக்கு அடிக்கிற ஹீட் பெயின்டை எடுத்து வைத்தார். டப்பாவில் 600 டிகிரி என்று போட்டிருந்தது. கறுப்பும் சில்வரும்தான் கைவசம். வேறு கலர் என்றால் வரவழைக்க வேண்டும், என்ன கலர் என்று முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்றார்.

கலரா? நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது தெருப் பிரச்சினையாகிவிட்டது.

என் மகனுக்குச் சிவப்புதான் வேண்டும். இத்தாலியில் பெர்காமோ பக்கம் 1961ல் தொடங்கிய பிரெம்போ கம்பெனியின் சிவப்புக் காலிப்பர்தான் உலகத்தில் கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கெல்லாம் குலதெய்வம். ஆனால் எதிர்வீட்டுக்காரர் யோசித்துப் பார்க்கச் சொன்னார். காலிப்பர் சிவப்பு, சுற்றிலும் டயர் கறுப்பு. அது ஒரு கட்சி. அதன் மேல் வெள்ளையில் கம்பெனி பேரை ஒட்டினால் வேறு கட்சி. ஒன்றும் ஒட்டாமல் வெறும் சிவப்பாக விட்டால், “என்ன தோழரே” என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நீலமும் காவியும் பேச்சோடு போயின. மஞ்சள்? போர்ஷே காரில் மஞ்சள் காலிப்பர் இருந்தால் அது செராமிக் பிரேக் என்று அர்த்தம். அந்த பிரேக்கின் விலைக்கு என் காரை இன்னொரு தடவை வாங்கலாம். மதுரையில் மஞ்சள் அடித்தால் ஷேர் ஆட்டோ என்று நினைத்துக் கை காட்டுவார்கள்.

தீர்ப்பு சொன்னது என் அத்தை. “சித்திரையில அழகர் ஆத்துல எறங்கயில பட்டர் பெட்டிக்குள்ள கையை விட்டு எந்தப் பட்டை எடுக்கறாரோ, அதுதான அந்த வருசத்துப் பலன்? பச்சைன்னா நாடு செழிக்கும். செவப்புன்னா கலகம். வண்டியில போயி எவனாவது கலகத்தைக் கட்டுவானா? மீனாட்சியே பச்சைதான்.” அதற்கு மேல் பேச ஆள் இல்லை. மகன் மட்டும், பச்சையில் காலிப்பர் வைத்த கார் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று முனகினான். வைகைக் கரையில் இருக்கப்போகிறது என்றேன்.

வேலையில் இறங்கியதும் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா நாற்காலியோடு வந்துவிட்டார். பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டியவர். டி.வி.எஸ். பஸ்கள் 1972ல் அரசு கைக்குப் போய்ப் பாண்டியன் ஆன கதையை, சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து ஊர் ஜனம் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததாம். இருக்கலாம். இப்போது பஸ்ஸைப் பார்த்தால் காலண்டரைத்தான் கிழிக்கலாம்.

ஆனால் மனிதர் தொழில்காரர். “நட்டை வண்டி தரையில நிக்கயிலயே நெகிழ்த்துப்பா. அப்புறம் தூக்கு. பின்சக்கரத்துக்குக் கல்லு வையி. ஜாக்கியை நம்பி உள்ள தலையை விடாத, ஸ்டாண்டு குடு.” போல்ட்டைக் கழற்றியதும் காலிப்பரை நான் அப்படியே விடப்போவதாக நினைத்துப் பாதி எழுந்துவிட்டார். “ஓஸ்ல தொங்க விடாதய்யா! கம்பியைப் போட்டு ஸ்பிரிங்குல கட்டு.” அந்த ரப்பர் ஓஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது; பிரேக் மட்டும் தெரியும்படி போய்விடும்.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்த வேலையிலேயே பெரிய விஷயம். “பெயின்ட்டு கெடக்கட்டும். மொதல்ல பின்னைப் பாரு.” காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின் இருக்கின்றன. அவை இறுகிவிட்டால் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேயும், மைலேஜ் குறையும், டிஸ்க் சூடேறும். ஒரு பின் கைக்கு வந்தது. இன்னொன்று திருமண மண்டபத்தில் முன்வரிசை பிடித்த பெரியவர் போல அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து வைகை மணல் உள்ளே போயிருந்தது. சுத்தம் செய்து, புது உறை மாட்டி, சிலிக்கான் கிரீஸ் தடவினோம். வண்டிக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் கூடாது. ரப்பர் ஊதிப் பழையபடி பின்னைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு கம்பி பிரஷ், வீட்டில் காணாமல் போன டூத் பிரஷ்கள், பிரேக் கிளீனர். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பெயின்ட் ஒட்டாது. டிஸ்க், பேடு, ரப்பர், ஆயில் திறக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் டேப்பும் செய்தித்தாளும் கொண்டு மூடினேன். ராசிபலன் பக்கம் வெளியே தெரிய, மாமா அதைப் படித்துக்காட்டினார்: துலாம், பொறுமை. பெயின்ட் டப்பாவும் அதையேதான் சொன்னது. மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொன்று, மறுபடி ஒன்று. ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் வடிந்து நிற்கும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட்டை அரித்துத் தின்றுவிடும் என்பதால் அதன் மூடிப் பக்கமே யாரையும் விடவில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்னே வந்து சேரும்வரை பெடல் பாதாளத்துக்குப் போகும். இதைச் செய்யாமல் கிளம்புகிறவருக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் பிரேக். நத்தம் ரோட்டில் 2023ல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தில் ஒரு ஓட்டம் விட்டேன். மேலே மாடு ஏறாது என்பதால் பிரேக்குக்கு வேலையே இல்லை. இறங்கியதும் இருந்தது.

பூஜைக்கு முதல் நாள் வாட்டர் சர்வீஸில் வரிசை தெரு முனை வரை நின்றது. என் முறை வந்ததும் சின்னப் பையன் ஒருவன் முன்சக்கரத்தருகே குனிந்து உற்றுப் பார்த்தான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஊரில் ஒருவனாவது பார்த்தானே.

“அண்ணே, ரொம்ப நாளா வண்டியை எடுக்கலையா? பிரேக்கு பூரா பாசி பிடிச்சுக் கெடக்கு” என்றவன், என் பதிலுக்குக் காத்திராமல் கம்பி பிரஷைத் தேட ஆரம்பித்தான்.