சுண்ணாம்பு அளவு சுதந்திரம்

மொரப்பூர் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் கொல்லை. ராகி, நிலக்கடலை, வரப்போரம் துவரை, கிணற்று மேட்டில் நாலு தென்னை. ஒரு மாடு, அது ஈன்ற கிடேரி, ஏழெட்டு வெள்ளாடு. கிழக்கு வரப்பில் வரிசையாகப் பதினோரு பனை. கொள்ளுத்தாத்தா நட்டவை என்று வீட்டில் சொல்வார்கள். தின்று எறிந்த கொட்டையில் தானாக முளைத்திருக்கும் என்பது என் கட்சி. எப்படி வந்திருந்தாலும் பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

பட்டா கையில் இருந்தால் உரிமை கையில் இருக்கிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். ஒருநாள் பனைக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனை மாநில மரம். ஆகவே பெருமை அரசுக்கு. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். (அதைக் குறை சொல்ல மாட்டேன். செங்கல் சூளைக்குப் பனை போன வேகத்துக்கு ஒரு முட்டுக்கட்டை வேண்டித்தான் இருந்தது.) பாளையில் வடியும் சாறு காவல்துறையின் பார்வைக்கு உரியது. மிச்சமிருப்பது நிழல். அது முழுக்க எனக்கே எனக்கு. பனைமர நிழலில் எத்தனை பேர் உட்காரலாம் என்று தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சாறு விஷயத்துக்கு வருகிறேன். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் விடியலில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, அதே ராத்திரி, இறங்குவது கள். பதநீரோடு வந்தால் நான் பாரம்பரியம் காக்கும் பனைத் தொழிலாளி. என்னோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். கள்ளோடு வந்தால் குற்றவாளி. அப்போதும் புகைப்படம் உண்டு, காவல் நிலையத்தில், கலயம் முன்னால் வைத்து. இந்த இரண்டு மனிதர்களுக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அரசியல் சாசனம் எனக்குத் தந்திருக்கும் சுதந்திரத்தை அளந்து பார்க்க வேண்டுமானால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் போதும்.

"சுண்ணாம்பு தடவினியா மாமா?" என்று மரமேறும் மாமாவை என் அப்பா கேட்பார். குடும்பத்தில் இதைவிடக் கவலையோடு கேட்கப்பட்ட கேள்வி கிடையாது. "தடவியாச்சு தடவியாச்சு" என்பார் மாமா. ஆனால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்குச் சட்டம் தெரியாதே. சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துவிட்டால் நாங்கள் யாரும் கைவைக்காமலே சாறு பொங்கத் தொடங்கிவிடும். நுண்ணுயிர்களைக் கைது செய்ய வழியில்லாததால் மாமாவைக் கைது செய்யலாம்.

இந்த விஷயத்தில் எங்கள் மண்ணுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் அமலானது 1937 அக்டோபர் 1-ல், சேலம் மாவட்டத்தில். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். ஆகவே மொரப்பூரும் அப்போது சேலம். வெள்ளோட்டம் எங்கள் தலைமேல்தான் விடப்பட்டது. அதற்கும் முன்னால், கள் எதிர்ப்பு மறியல் காலத்தில், ஈ.வெ.ரா. தம் தோப்பின் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் சேலம் தாதம்பட்டியில்தான் என்பார்கள். மனிதர் தம் மரத்தைத் தாமே வெட்டினார். அடுத்தவன் மரத்தில் போலீஸை ஏற்றவில்லை. மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியிடமும் ஒரு நேர்மை இருந்தது. கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும் என்று தெரிந்தே மூடினார். அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மதுக்கடையை மூடியதற்காக வந்தது அந்த வரி. கடை திரும்பத் திறந்தபோது அது போயிருக்க வேண்டும். 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள். வரி எந்த முறையும் எழுந்து போகவில்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, பேரை மாற்றிக்கொண்டு, இன்றைக்கு உப்புமா ரவை வரைக்கும் நீண்டிருக்கிறது. கடையும் இருக்கிறது, வரியும் இருக்கிறது. மூடிக் கிடப்பது என் மரம் மட்டும்.

1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. மலிவு விலை மது என்று 1990-ல் ஒன்று வந்து 1991-ல் போயிற்று. கள் போனது போனதுதான். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மட்டும் கலாலும் விற்பனை வரியுமாக அதில் வந்தது 45,855 கோடி ரூபாய். அங்கே விற்கும் சரக்குக்குப் பெயர் இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மது. பெயரைக் கொஞ்சம் மென்று பாருங்கள். இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருக்கும் அயல்நாட்டான். அவனுக்கு ஊர் ஊராக அரசுக் கடை. வரப்பில் பிறந்த உள்நாட்டானுக்கு நாடு கடத்தல்.

அந்த அயல்நாட்டான் எதிலிருந்து பிறக்கிறான்? பெரும்பாலும் கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து. கரும்பும் எங்கள் பக்கத்துப் பயிர்தான். கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் 1925-ல் கண்மூடிய சிவா, சுதந்திரம் என்று சொன்னதற்காகச் சிறையில் தொழுநோய் வாங்கி வந்தவர். அவர் பெயரில் ஆலை கட்டியவர்கள் 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையையும் ஒருதரம் படித்திருக்கலாம். எந்த ஆலையானாலும் சரி, அதற்கென ஒதுக்கிய எல்லைக்குள் பிறந்த கரும்பு அந்த ஆலைக்குத்தான் போக வேண்டும். அதே ஆணை 14 நாளில் பணம் தரவும் சொல்கிறது, தவறினால் 15 சதவீத வட்டியும் சொல்கிறது. கரும்பை எல்லைக்குள் நிறுத்தும் வரி பாறையில் வெட்டிய எழுத்து. 14 நாள் வரி தண்ணீரில் எழுதியது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயியிடம் நிலுவை என்று சொல்லிப் பாருங்கள், மிச்சத்தை அவரே சொல்வார்.

ஆக, எங்கள் பக்கத்துக் கரும்பின் கழிவு ஆலைகளுக்குள் நுழைந்து நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்தோடு, மூடியில் முத்திரையோடு வெளியே வந்தால் சட்டம் சல்யூட் அடிக்கிறது. என் பனையின் சாறு நூற்றுக்கு ஐந்து பங்கு பக்கத்தில் தானாகப் புளித்தால் லத்தி எடுக்கிறது. எது உடம்புக்குக் கெடுதல் என்பதல்ல பிரச்சினை. எதில் அரசுக்குப் பங்கு இல்லை என்பதுதான்.

கள் அமிர்தம் என்று சொல்ல நான் வரவில்லை. கள்ளுக்கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிய பரம்பரையில் வந்தவள்தான் என் பாட்டி. குளோரல் ஹைட்ரேட் கலந்து விற்ற பாவிகளும் உண்டு. எல்லாவற்றையும் மூடுகிறோம் என்று ஒரு அரசு சொல்லட்டும், பதினோரு பனைக்கும் நானே பூட்டுப் போடுகிறேன். பாட்டில் ஓடட்டும், கலயம் கூடாது என்றால் அது மதுவிலக்கா, போட்டி ஒழிப்பா? எல்லை தாண்டினால் கேரளத்தில் கள்ளுஷாப்பு. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், தவறணை என்ற பெயரில் கள்ளுக்கடை, திக்கத்தில் வடிசாலை. அதே பனை, அதே தமிழ், வேறு கொடி.

2024 ஜூனில் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலிவேலை செய்து உடம்பு வலிக்கு மலிவாக ஏதாவது தேடியவர்கள். அவர்களைப் பற்றி நகைச்சுவை எழுத என் பேனா வராது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள், சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கூட்டினார்கள். விஷத்துக்கு ஏன் வாடிக்கையாளர் இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் சட்டமன்றத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கிடைக்காமல் வெளியே நின்றது.

நான் குடிப்பதில்லை, எனக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டு வாணலிக்கு வருகிறேன். எங்கள் கடலையைச் செக்கில் ஆட்டுகிறோம். பக்கத்து வீட்டு அக்கா தூக்குப்போசியோடு வருகிறார், "ஒரு லிட்டர் ஊத்து தம்பி" என்கிறார். ஊற்றிக் காசு வாங்கினால் விதிமீறல். பொட்டலமும் விவரச்சீட்டும் இல்லாத சமையல் எண்ணெயை விற்கக் கூடாது என்று 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை சொல்கிறது. இந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து பலர் செத்தார்கள். கலந்தவன் எங்கோ வியாபாரி. கண்ணெதிரே ஆட்டி ஊற்றும் குடும்பமும் அவனும் விதியின் கண்ணுக்கு ஒரே ஜாதி.

நிலத்தையாவது விடுவார்களா? பக்கத்துக் கொல்லையில் உயர்மின் கோபுரம் நிற்கிறது. எந்த அதிகாரத்தில் என்று கேட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு கை காட்டுவது 1885-ன் தந்திச் சட்டத்தை. நாட்டில் தந்தி 2013 ஜூலையில் செத்துப்போனது. கடைசித் தந்தி கொடுக்க ஜனம் வரிசையில் நின்றதைப் பேப்பரில் பார்த்தோம். செத்த தந்தியின் ஆவி மட்டும் நாலு இரும்புக் காலோடு கடலைக்காட்டில் இறங்கி நிற்கிறது. வெள்ளைக்காரன் கப்பலேறியபோது இந்தச் சட்டத்தை மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை. நம்மவர்கள்தான் மடியில் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

2018-ல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வந்த வரத்து நினைவிருக்கும். 277 கிலோமீட்டர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமெல்லாம் நடவு நட்ட வயலில் கல் நட்டார்கள். அழுத கிழவிகளைச் சுற்றி அவர்களைவிட அதிகமாக போலீஸ் நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. யாரும் கேட்காத சாலைக்கு அத்தனை அவசரம். நாங்கள் கேட்பது ஒரு ரயில். மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் 1906-லேயே ரயில் ஓடியது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று 1941-ல் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வெறும் 36 கிலோமீட்டர். அதைத் திருப்பிப் போட 2019 மார்ச்சில் அடிக்கல் வைத்தார்கள். எடுக்கும்போது இருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும்போது இருந்திருந்தால் எங்கள் பாட்டன்மாரே அதில் ஏறிப் போயிருப்பார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதையெல்லாம் எழுதிக் கொடுக்க எழுந்தேன். விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதுகெலும்பு பின்பக்கம் இருப்பதால் பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

பனை வெட்ட அனுமதி வேண்டும் என்ற அதே 2021 அறிக்கையில் 76 லட்சம் பனங்கொட்டை கொடுப்பதாகவும் அறிவிப்பு இருந்தது. நடச் சொல்கிறார்கள், வெட்டக் கூடாது என்கிறார்கள், புளிக்கக் கூடாது என்கிறார்கள். இன்றைக்கு நட்டால் பாளை விடப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகும். ஏறுவதற்கு ஆள்? எங்கள் பக்கத்தில் பாளை சீவத் தெரிந்தவர் அந்த மாமா ஒருவர்தான் மிச்சம். அவருக்கு எழுபத்தொன்று. அவர் மகன் மொரப்பூரில் ரயிலேறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்பது வருஷமாகிறது. மரமேறத் தெரியாது. சாயங்காலமானால் அரசுக் கடை வரிசையில் நிற்கிறான்.