மெயின் ஒன்று, எக்ஸ்டென்ஷன் இரண்டு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பக்கம், மண்டகப்பட்டில், மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மற்ற ராஜாக்கள் கோயில் கட்டினால் அதற்கு என்னென்ன கொடுத்தோம் என்று கல்வெட்டு வைப்பார்கள். இவர் என்னென்ன போடவில்லை என்று வைத்திருக்கிறார். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, காரை இல்லை, பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் (அவருடைய பட்டப்பெயர்) செய்த வீடு என்பது சாரம். வாங்காத சாமானுக்குக் கணக்கு எழுதிய ஒரே காண்டிராக்டர் நம் ஜில்லாவில்தான் இருந்திருக்கிறார்.

நான் அங்கே போனபோது என் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு கறுப்பு டெலிபோன் உட்கார்ந்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு காயலான் கடையில் வாங்கியது. கடைக்காரர் அதை உலுக்கிப் பார்த்து, "உள்ள செம்பு இருக்கு, காந்தம் இருக்கு, அதுக்கு மட்டும் குடுங்கண்ணே. கறுப்பு ஓட்டுக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். நான் வாங்கியதே அந்த ஓட்டுக்காகத்தான். செங்கல், மரம், உலோகம், காரை எதிலும் சேராத அந்த ஓட்டின் பெயர் பேக்கலைட். லியோ பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்தது. விசித்திரசித்தர் சுமார் 1,300 வருடம் பொறுத்திருந்தால் உளிச் செலவு மிச்சம்.

மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பான். போன் வாங்குகிறவன் அதைக் குப்புறக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அப்போது தபால் இலாகாதான் டெலிபோனுக்கும் எஜமான். அவர்களுக்கு எதன் மேலாவது நம்பர் குத்தாவிட்டால் தூக்கம் வராது. 162 என்றால் 1929-இல் வந்த பிரமிடு வடிவம். அதன் தம்பி 232. இரண்டுக்கும் உள்ளே மணி கிடையாது, மணிக்குத் தனிப் பெட்டி. போன் மேஜையில் இருக்கும், சத்தம் வேறெங்கிருந்தோ வரும். 1937 வாக்கில் வந்த 332-க்குத்தான் மணியை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற புத்தி வந்தது. கீழே நம்பர் எழுதி வைக்க ஒரு குட்டி இழுப்பறையும் உண்டு. அதன் மூல வடிவம் நார்வேயில் எரிக்சன் கம்பெனிக்காக ஜீன் ஹைபர்க் போட்டது. அவர் மத்தீஸிடம் ஓவியம் படித்தவர். நம் பெரியப்பாக்கள் "ஹலோ ஹலோ" என்று தொண்டை கிழியக் கத்தியது ஒரு நவீன ஓவியரின் சீடர் வரைந்த பொருளுக்குள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனது நல்லதுதான்.

ரிசீவர் கைப்பிடியில் 164 என்றும் பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஓட்டைக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஆஸ்பத்திரி வராந்தா வாசனை அடித்தால் பேக்கலைட். பித்தளையில் தகதகவென்று, லண்டன் என்று எழுத்து வெட்டி, ராஜா காலத்துப் போன் என்று யாராவது நீட்டினால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அது மொராதாபாத் பக்கம் போன மழைக்காலத்தில் பிறந்த குழந்தையாக இருக்கும்.

என்னுடையதில் விசேஷம், ரிசீவர் தொட்டிலுக்கு முன்னால் இரண்டு பட்டன். அடியில் 328. ஒரு பட்டன் மணியை அடிக்கவிட, இன்னொன்று வாயடைக்க. கூடவே இன்னொரு போன் எக்ஸ்டென்ஷனாக இருந்தால்தான் இதற்கெல்லாம் வேலை. இந்த மாதிரி பட்டன் வைத்த வகைகளைத்தான் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். வெறும் 332 ஊருக்கு ஊர் கிடைக்கும்.

பட்டன்களின் பூர்வகதை ஒரு சாவு வீட்டில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் பிணம் அடக்கம் செய்து வைக்கிற தொழில் நடத்தினார். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஸ்ட்ரௌஜரைக் கேட்டு வரும் அழைப்பையெல்லாம் அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிட்டதாகக் கதை. தன் பிணங்கள் கைமாறுவதைப் பொறுக்காமல், ஆபரேட்டரே இல்லாமல் ஓடுகிற எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறை 1912-இல் இங்கிலாந்தின் எப்சம் ஊருக்கு வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் சிம்லாவில் 700 இணைப்போடு இந்தியாவின் முதல் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச். மலையேறிய துரைகள் நடுவில் ஆள் இல்லாமல் பேச ஆசைப்பட்டார்கள். 1948-இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. என்ற டெலிபோன் தொழிற்சாலை தொடங்கியபோது கைகோத்தது ஸ்ட்ரௌஜர் முறையில் பெயர் வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனியான ஏ.டி.ஈ.

சர்க்காருக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே தடுமாற்றம்தான். 1880-இல் இரண்டு கம்பெனிகள் டெலிபோன் நடத்த அனுமதி கேட்டபோது முடியாது, நாங்களே நடத்துவோம் என்றார்கள். 1881-இல் நீங்களே நடத்துங்கள் என்று ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். கல்கத்தாவும் பம்பாயும் மதராஸும் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

சரி, நடுவில் இருந்த ஆளை ஒழித்தாயிற்று. ஒழித்த கையோடு திரும்பக் கூட்டி வந்ததுதான் எக்ஸ்டென்ஷன் பிளான். ஒரே லைன், இரண்டு போன். நீ வெளியே பேசு, நீ உள்ளே பேசு, அவரை வெளியே பேச விடு என்று பட்டன்கள் சொல்லும். யார் பேச்சு யார் காதில் விழலாம் என்பதற்குத் தனித்தனிப் பிளான், தனித்தனி நம்பர். 105, 107 என்ற பிரிட்டிஷ் பெயர்களை நம் டெலிபோன் இலாகாவும் அப்படியே வைத்துக்கொண்டது. தென்னாற்காடு ஜில்லாவின் ஆபீஸ்களில் நடந்ததைக் கேளுங்கள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எல்லா ஆபீஸும்தான். பெரிய ஐயாவின் மேஜையில் எக்ஸ்டென்ஷன். வெளியே ஸ்டூல் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பி.ஏ.வின் மேஜையில் மெயின். ஐயாவுக்கு மணி அடிக்குமா, அடிக்காதா என்பதை முடிவு செய்தது அந்த ஸ்டூல். "ஐயா பூஜையில இருக்காரு" என்று பகல் இரண்டு மணிக்குச் சொன்னதும் அதுதான். ஸ்ட்ரௌஜரின் எதிரி வீட்டு அம்மாள் பேன்ட் போட்டுக்கொண்டு விழுப்புரத்தில் மறுபிறவி எடுத்திருந்தார்.

மண்டகப்பட்டுக் குடைவரையின் படியில் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மண்டபம், பின்சுவரில் மூன்று கருவறை, இரண்டு ஓரத்திலும் துவாரபாலகர். பக்தன் ஒருவன், லைன் ஒன்று, பேச வேண்டிய பெரியவர்கள் மூவர். மெயின் ஒன்று, எக்ஸ்டென்ஷன் இரண்டு. கல்வெட்டு சொல்கிற வரிசைப்படி நடு அறை ஈசனுடையது, ஆக மெயின் அவர். மகேந்திரனே சமணத்திலிருந்து சைவத்துக்கு இணைப்பு மாற்றியவர் என்பது மரபு, அதனால் ஆச்சரியமில்லை. வாசலில் நிற்கிற இருவரையும் பார்த்தால் பி.ஏ. முகம்தான்.

முத்திரை விஷயத்திலும் மகேந்திரன் தபால் இலாகாவுக்கு முன்னோடி. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று போகிற இடமெல்லாம் பட்டப்பெயரைப் பொறித்தார். பல்லாவரத்தில் வரிசை வரிசையாக இருக்கிறது. அந்தப் பெயர்களை வைத்துத்தான் எந்தக் குகை யாருடையது என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நான் போனைக் கவிழ்ப்பதும் அதே ஆய்வுதான், எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவர் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்த பிக்குவைத் திருடன் என்பான். கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஓட்டைத் தேடி அலைகிறவன் நிலைமை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் போன் யாருக்கும் சொந்தமில்லை. பிரிட்டனிலும் சரி, இங்கும் சரி, வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கருவி இலாகாவுடையது, இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் இலாகா கழித்து விற்றதைத் தவிர, பரணில் தங்கிவிட்ட ஒவ்வொரு போனும் யாரோ திருப்பிக் கொடுக்க மறந்தது. நானும் யாரையும் விசாரிக்கப் போவதில்லை.

என் 328 தனியாக இருக்கிறது. அதன் ஜோடி திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி வட்டாரத்தில் எங்கோ ஒரு பரணில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கலாம். காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். செம்புக்கும் காந்தத்துக்கும் கடைக்காரர் கொடுப்பதை நானும் கொடுக்கிறேன், ஓட்டுக்குத் தனியாகத் தருகிறேன்.