பொடிப்பனித் திணை: லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் வாகன வரிசை குறித்து ஒரு பொருளிலக்கண ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்துக்குரிய தெய்வமும் விலங்கும் பறையும் பிறவும் கருப்பொருள் எனவும், அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள் எனவும் வகுத்த பழந்தமிழ்ப் பொருளிலக்கணத்தார், மலையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றனர். அதன் உரிப்பொருள் புணர்தல் என்றனர். ஆயினும், ஏறுவதற்கு ஒரே ஒரு தார்ச்சாலையும், அச்சாலையின் முடிவில் வண்டி நிறுத்தச் சிறிதளவு இடமும், அவ்விடத்தையே குறிவைத்துப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் சமவெளியும் ஒருங்கே அமைந்த மலையை அவர்கள் கண்டதில்லை. ஆகவே அதற்கெனத் தனித்திணை வகுக்காது விட்டது அவர்தம் குற்றமாகாது. அவ்விடுபாட்டை நிரப்ப, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரத்துக்குத் தென்கிழக்கே வாசாட்ச் மலைத்தொடரில் கிடக்கும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பனிச்சறுக்கு ஊர்கள் உலகில் பல. வரிசையில் நிற்பதை ஓர் ஒழுக்கமாகவே வளர்த்தெடுத்தவற்றுள் இதற்கு முதலிடம் தரலாம்.

நிலத்தின் இயல்பு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. பனியாறு குடைந்தெடுத்த செங்குத்தான பள்ளத்தாக்கு ஒன்று. அதனுள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறிச் செல்லும் மாநிலச் சாலை 210. அதன் மேற்பகுதியில் 1939 முதல் இயங்கும் ஆல்டா, 1971-இல் தொடங்கிய ஸ்னோபேர்ட் என்னும் இரு பனிச்சறுக்குத் தலங்கள். சாலையின் பெரும்பகுதியில் ஏறுவோர்க்கு ஒரு தடம், இறங்குவோர்க்கு ஒரு தடம், அவ்வளவே. குறிஞ்சித் தலைவியும் தோழியும் தலைவன் வரும் வழியின் ஏதத்தை எண்ணி அஞ்சுவதைப் பழம்பாடல்கள் விரித்துரைக்கும். யானையும் புலியும் காட்டாறும் அங்கே ஏதமாக வரும். இங்கே ஏதத்தை அரசே எண்ணி வைத்திருக்கிறது: பனிச்சரிவுப் பாதை, அதாவது சரிவில் குவிந்த பனி பிடிப்பிழந்து ஒரே திரளாக இறங்கும் தடம், 64 இடங்களில் இச்சாலையைச் சந்திக்கிறது.

பொழுதிலேதான் முதற்சிக்கல் எழுகிறது. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்பது இங்கும் பொருந்தும்; சிறுபொழுது யாமம் என்பதோ பொருந்தவில்லை. பள்ளத்தாக்கின் வாயிலில் வண்டிகள் வந்து சேர்வது வைகறையில். வைகறை மருதத்துக்கு உரியது. மாலையில், சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் விசைநாற்காலிகள் நின்றபின் அனைவரும் ஒரே வேளையில் இறங்க முற்படுவது எற்பாட்டில். எற்பாடு நெய்தலுக்கு உரியது, நெய்தலின் உரிப்பொருளோ இரங்கல். கடலில்லாத மாநிலத்தில் நெய்தல் எங்ஙனம் வந்தது என வினவுவார்க்கு, அருகே பெரும் உப்பு ஏரி உண்டு என்பதே விடை. உப்பு மிகுதியால் குளிர்காலத்திலும் எளிதில் உறையாத அவ்வேரி, தன்மேல் செல்லும் குளிர்காற்றுக்கு ஈரம் ஊட்டி, சில புயல்களின்போது வாசாட்ச் மலையில் விழும் பனியைக் கூட்டுகிறது. நெய்தல் நீர் குறிஞ்சியில் பனியாக விழுகிறதென்பதும், திணை மயங்குவதைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கன.

அவ்வாறு விழும் பனி ஈரம் குறைந்து, ஊதினால் பறக்கும் தன்மையது, பொடிப்பனி எனப்படும். ஆல்டாவில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி விழுகிறது; 2022–23 பருவத்தில் 903 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் விழுந்தது. பொடிப்பனியின் சிறப்பு யாதெனின், அது கெட்டுப்போகும் சரக்கு என்பதே. முந்திய இரவு விழுந்த பனியின்மேல் பிறர் சறுக்கித் தடம் பதித்துவிட்டால், நண்பகலுக்குள் அது வெறும் பனியாகிவிடும். எனவே அதை விரும்புவோர் அனைவரும் ஒரே நாளில், ஒரே நாழிகையில், ஒரே சாலையில் புறப்படுகின்றனர். அந்த நாழிகையிலேயே அதே பனி 64 பாதைகளிலும் குவிந்து நிற்பதால், சாலையை அடைத்து, பனியை வேண்டுமென்றே சரித்துவிட்டு, பின்னர் அள்ளி அகற்றவேண்டியிருக்கிறது. வாவென்று அழைப்பதும் வராதே என்று தடுப்பதும் ஒரே மேகம். இத்தலத்தின் போக்குவரத்துச் சிக்கல் முழுவதும் இதனுள் அடங்கும் எனலாம். எஞ்சியவை இதன் உரைகளே.

கருப்பொருள்களுள் தெய்வத்தை முதலில் கூறுவது மரபு. சேயோன் இடத்தில் இங்கே வைக்கத்தக்கவர் ஊல் எனப்படும் வடபுலத்துக் கடவுள். பனிச்சறுக்கரின் தெய்வமாகக் கொண்டாடப்படும் இவருக்குக் கொலராடோவின் பிரெக்கென்ரிட்ஜ் ஊரில் விழாவே உண்டு. அவரிடம் பனி வேண்டிக் கேட்போர் பலர். வண்டி நிறுத்த இடம் வேண்டிக் கேட்பதற்குரிய தெய்வம் எது என்பது இன்னும் துணியப்படவில்லை. பறையைப் பற்றி ஐயமில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஆல்டாவில் படைப்பீரங்கி கொண்டு பனிச்சரிவைத் தூண்டிவிடும் முறை தொடங்கியது. பல பதின்ம ஆண்டுகள் விடியுமுன் கேட்ட 105 மில்லிமீட்டர் பீரங்கியின் முழக்கமே இந்நிலத்தின் தொண்டகப்பறை. அண்மையில் அதன் இடத்தை, மலைமேல் நட்டுத் தொலைவிலிருந்து இயக்கும் வெடிக்கோபுரங்கள் மெல்ல மெல்லப் பிடித்து வருகின்றன. உணவு பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. தினைமாவும் தேனும் இல்லை, மூடியிட்ட குவளையில் ஆறிப்போகும் காப்பி உண்டு. விலங்கு ஒன்றேயொன்று: செம்பாம்பு. முன்னே நிற்கும் வண்டிகளின் பின்விளக்குகள் வளைவுதோறும் சிவந்து நெளிவதற்கு அவ்வூரார் இட்ட பெயர் இது. இப்பாம்பு வைகறையில் மலைவாயில் தலைவைத்து, மலையடிவாரத்து வாசாட்ச் சாலை நெடுக வாலை நீட்டிப் படுக்கும். எற்பாட்டில் தலையும் வாலும் இடம் மாறும். சரியான டயர் இல்லாத வண்டி ஒன்று வளைவில் வழுக்கி நின்றுவிட்டால், அதன்பின் அசைவே இராது. அதனால் புயல் நாள்களில் பனிக்கேற்ற டயர் அல்லது சங்கிலி இல்லாத வண்டிகள் மேலே செல்லச் சட்டம் இடந்தருவதில்லை. குடிநீர்ப் பிடிப்புப் பகுதியாதலால் நாய்க்கும் பள்ளத்தாக்கில் இடமில்லை. பல்லாயிரம் வண்டிகளுக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை என்பதைக் குறித்துவைப்பது ஆய்வு நேர்மையாகும்.

இனி உரிப்பொருள். நிலத்தால் குறிஞ்சியாயினும் இங்கே நிகழும் ஒழுக்கம் இருத்தல்; முல்லைக்குரியது. வேறுபாடு ஒன்றுண்டு. முல்லைத் தலைவிக்குக் கார்காலம் தொடங்கியதும் தலைவன் வருவான் என்னும் உறுதி இருந்தது. செம்பாம்பின் வாலில் இருப்பவர்க்கு, தம் முறை வரும்போது மேலே இடம் இருக்குமா என்பதில் அவ்வுறுதி இல்லை. இவ்விருத்தலின் உச்சநிலையை ஆல்டா ஊரார் சட்டமாகவே வைத்துள்ளனர். பனிச்சரிவு அச்சம் மிகும் வேளையில், விடுதியிலும் வீட்டிலும் உள்ளோர் அனைவரும் கட்டடத்தைவிட்டு வெளியேறலாகாது. வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றம். தலைவியை வீட்டினுள் அடைத்துக் காக்கும் இற்செறிப்பு என்னும் துறை குறிஞ்சியில் பயில்வதை அறிந்தார்க்கு இதில் புதுமை தோன்றாது. 2021 பிப்ரவரியில் இவ்விற்செறிப்பு ஏறத்தாழ 60 மணிநேரம் நீடித்தது. அங்கே செவிலிக்கு அஞ்சினர், இங்கே மலைக்கு. மேலும், இவ்வடைப்பில் அகப்பட்டோரைக் கண்டு கீழே இருந்தோர் இரங்கினர் என்று கொள்வது தவறு. சாலை திறக்குமுன் அவர்களுக்கு விசைநாற்காலி திறந்துவிட்டால், முழு மலையின் பொடிப்பனியும் அவர்களுக்கே உரியதாகும்; ஆகவே கீழோர் கொள்வது பொறாமை.

களவும் கற்பும் இத்திணைக்கும் உண்டு. முன்பு வண்டி நிறுத்தம் களவொழுக்கமாகவே நிகழ்ந்தது: முந்தியவர் கண்டார், கொண்டார், பிந்தியவர் சாலையோரத்தில் மறைவிடம் தேடினார். 2021–22 பருவத்தில் ஆல்டா, நெரிசல் மிகும் வாரயிறுதி நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் பிற்பகல் 1 மணிவரை முன்பதிவும் கட்டணமும் வேண்டும் என்று விதித்தது. பலரறியப் பதிந்து உரிமை பெறுவதால் இதனை வரைவு எனலாம். வரைந்தோர் விரைந்து எழவேண்டியதில்லை. அதனால் வைகறையின் நெருக்கடி குறைந்தது. பொடிப்பனி விழுவது எந்நாள் என்பதை முன்னரே அறியாமல் நாளைப் பதிவது எங்ஙனம் என்னும் வினா மட்டும் நின்றது. அதற்கு விடையாகப் பலநாள் பதிந்துவைத்து, வானம் பார்த்துக் கைவிடுவாரும் தோன்றினர். வரைந்தபின் வாராமை கற்பின்பாற் படுமா என்பதை உரையாசிரியர்கள் ஆராய்வார்களாக. பலர் ஒரே வண்டியில் செல்வது உடன்போக்கு. இதை அதிகாரிகள் இடைவிடாது பரிந்துரைக்கின்றனர். தலைவனும் தலைவியும் இசைந்த உடன்போக்கைவிட, விடியுமுன் நால்வரை ஒரே நேரத்தில் எழுப்புவது அரிதென்பதை அவர்கள் கருதுவதில்லை.

பேருந்து பற்றிக் கூறாது விடின் இவ்வாய்வு குறையுடையதாகும். பனிச்சறுக்குப் பருவத்தில் யூட்டா போக்குவரத்து ஆணையம் சமவெளியிலிருந்து பேருந்து இயக்குகிறது. பேருந்துக்கெனத் தனித்தடம் இல்லாமையால், அதுவும் செம்பாம்பின் ஓர் எலும்பாகவே அமைகிறது. நாற்பது பேரைச் சுமந்தும், ஒருவர் மட்டும் அமர்ந்த காரின் பின்னே அதே வேகத்தில் நகர்கிறது. 903 அங்குலம் பனி விழுந்த அப்பருவத்திலேயே ஓட்டுநர் பற்றாக்குறையால் சேவை குறைக்கப்பட்டது. பேருந்து வேண்டும் என்பதில் அவ்வூரில் மாறுபட்ட கருத்துடையார் மிகச் சிலர். தமக்கு முன்னால் நிற்கும் வண்டிக்காரர் அதில் ஏறவேண்டும் என்பதிலோ கருத்து வேறுபாடே இல்லை.

இவ்வளவும் இயற்கையின் செயல் என்று முடிவு கட்டுவதற்குத் தடையாக நிற்பது பருவச்சீட்டு. 2008-இல் வந்த எபிக், 2018-இல் வந்த ஐகான் ஆகிய பலதலப் பருவச்சீட்டுகள், ஒருமுறை பணம் கட்டினால் பல மலைகளில் பல நாள் சறுக்கலாம் என்னும் ஏற்பாட்டைப் பெருவழக்காக்கின. ஆல்டாவும் ஸ்னோபேர்டும் ஐகானில் சேர்ந்தன. சீட்டை இலையுதிர்காலத்திலேயே வாங்கிவிட்டவர்க்கு, தைமாதத்துப் பொடிப்பனி நாள் ஒன்றின் விலை சுழியம். நாளுக்கு நாள் சீட்டு வாங்குபவர் இன்று போகலாமா என்று பணப்பையைக் கேட்பார். பருவச்சீட்டுக்காரர் வானிலையை மட்டும் கேட்பார். விலை விட்டுச்சென்ற இடத்தை வரிசை பிடித்துக்கொண்டது. பணமாகக் கட்டாததை மணிநேரமாகக் கட்டுகின்றனர். கொலராடோவில், ஐசனோவர் சுரங்கப்பாதையின் வழியே டென்வர் நகரத்தார் ஞாயிறு மாலையில் திரும்பும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையிலும் இக்கணக்கே தீர்க்கப்படுகிறது.

பிறர் கண்ட மருந்துகளையும் ஒப்புநோக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் பெட்ரோல் கார்களை ஊருக்குள் விடுவதில்லை. அவை 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்னும் சிற்றூரில் நின்றுவிட, மக்கள் ஏறத்தாழ 12 நிமிடம் இரயிலில் செல்கின்றனர். ஸெர்மாட்டின் காற்று தூயது என்று பயணநூல்கள் போற்றும். 2,000-க்கு மேற்பட்ட வண்டிகளைத் தாங்கி நிற்கும் டேஷைப் பாடிய பயணநூல் அரிது. கொலராடோவின் டெல்யூரைடு, 1996-இல் பக்கத்து மலையூருக்குக் கட்டணமில்லாத கம்பிவட ஊர்தி அமைத்தது. இரு ஊருக்கும் இடையே மலையொன்று இருந்ததால் அது பொருந்தியது. ஆஸ்பென் 1995-இல் ஊர்நடுவே கட்டண நிறுத்தத்தைத் தொடங்கியபோது, எதிர்த்தோர் வண்டியில் அமர்ந்தபடியே ஒலிப்பான்களை முழக்கினர். நிறுத்த இடமின்மை குறித்து அதுவரை முறையிட்டு வந்தோர், இடம் கிடைக்கப் போவதை எதிர்த்து முழக்கிய பறை அது.

லிட்டில் காட்டன்வுட்டில் மருதத்தின் ஊடல் மூண்டது கம்பிவட ஊர்தி குறித்தே. 2023 ஜூலையில் யூட்டா போக்குவரத்துத் துறை, பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து ஸ்னோபேர்டுக்கும் ஆல்டாவுக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளக் கம்பிவட ஊர்தியைத் தேர்ந்தெடுத்து முடிவை வெளியிட்டது. செலவு 70 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. அதற்கு முன்படியாகப் பேருந்தைப் பெருக்குவதும், சாலைச் சுங்கம் விதிப்பதும் என வகுக்கப்பட்டது. பாறையேறுவோர் பாறைகளுக்காகவும், நகரத்தார் குடிநீருக்காகவும், வேறு பலர் மலையின் தோற்றத்துக்காகவும் எதிர்த்தனர்; வழக்குகளும் தொடுக்கப்பட்டன. பொதுப்பணத்தில் எழும் ஊர்தி இரு தனியார் தலங்களில் மட்டும் நிற்கும் என்னும் குறையே இவ்வாய்வுக்கு வலியதாகத் தோன்றுகிறது. கோடையில் இடைவழியில் இறங்கி நடக்க விரும்புவார்க்கு அதில் இடமில்லை. ஊர்தியின் சிறப்பு, சாலை அடைபட்டிருக்கும்போதும் அது பனிச்சரிவுக்கு மேலே இயங்கவல்லது என்பது. அதன் கீழ்நிலையத்தில் ஏறத்தாழ 2,500 வண்டிகளுக்கு நிறுத்துமிடம் கட்டத் திட்டமிட்டுள்ளனர். அந்நிறுத்துமிடத்துக்கு வண்டிகள் வந்து சேரவேண்டிய வாசாட்ச் சாலையை அகலப்படுத்துவதையும் அதே திட்டத்தில் சேர்த்துள்ளனர்.